மஞ்சள் வண்டிக்கு ஒரு நூல்

நம் வாசலில் நிற்கும் மஞ்சள் வண்டியைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று பேசிவிட்டார்கள். உங்கள் தாய்மாமன் பேசியது ஒன்று, டீக்கடையில் பேசியது ஒன்று. நான் மட்டும் பேசவில்லை. இப்போது உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள். சின்னவளுக்கு இன்னும் கொஞ்சம் வயது ஆனதும் படித்துக் காட்டு.

நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். நான் கல்யாண வண்டி ஓட்டுகிறவன். அம்மா அந்த வண்டிக்கும், கேட்டு வருகிற மற்ற வண்டிகளுக்கும் பூ வைக்கிறவள். வடக்கனந்தலில் நம் வெள்ளைக் கார் விடியும்போது பூவோடு நின்றால், எதிர் வீட்டுக்காரர்கள் கூட வெளியே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார்கள்.

அம்மா வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. வண்டிக்கு வண்டி ஒரு நூல் வைத்திருப்பாள். வண்டியின் மூக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும், அங்கேயிருந்து கூரைக்கும், அப்புறம் கதவுகளுக்கும் நூலைப் பிடித்து, எங்கெங்கே சரத்தை ஒட்ட வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு முடிச்சுப் போடுவாள். கள்ளக்குறிச்சி பூக்கடையில் அந்த நூலைப் போட்டு அளந்துதான் சரம் வாங்குவாள். ஒரு முழம் மீந்து நான் பார்த்ததில்லை. அந்த முடிச்சும் எல்லோரும் போடுவது போல இருக்காது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்பக்கம் திருப்பி, பல்லால் கடித்து இழுப்பாள். நூல்கள் எல்லாம் சமையல்கட்டு ஆணியில் கொத்தாகத் தொங்கும். எந்த நூல் எந்த வண்டியுடையது என்று அவளுக்குத் தெரியும், பெரியவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணையும் மாப்பிள்ளையையும் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். சங்கராபுரத்துப் பார்ட்டி ஒன்று அப்படிக் கூப்பிட்டது. நம் வெள்ளை வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலை பக்கம் போனோம். படத்துக்கென்று சேலத்திலிருந்து வாடகைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. சிவப்பு. இரண்டே இரண்டு சீட். படம் எடுக்கிறவர் என்னைப் பார்த்து, "அண்ணே, அந்த வெள்ள வண்டிய அந்தாண்ட தள்ளிப் போடுங்க, படத்துல வுழுது" என்றார். நான் வண்டியை ஒரு பலா மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா அந்தச் சிவப்பு வண்டிக்குப் பூ ஒட்டிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்க, இந்த மாதிரி ஒண்ணு நாமளே வாங்குனா இன்னா?"

"உனுக்கு இன்னா ஆச்சு? ரெண்டு பேருதான் உக்காரலாம் அதுல. பொண்ணு மாப்ள உக்காந்தா ஓட்றவன் எங்க உக்காருவான்?"

"மாப்ளயே ஓட்டட்டும். நீங்க பின்னாலயே நடந்து வாங்க. ஊர்கோலந்தான, இன்னா வேகமா போவப் போவுது?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு என்று நான் விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. படம் எடுக்கிறவரிடமே கேட்டு வைத்து, பழைய வண்டி எங்கெங்கே விற்கிறது என்று செல்போனில் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒன்று அகப்பட்டது. வெளிநாடு போகிற ஒருவர், ஓட்டாமல் நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார்.

"வாசலுக்கு வர்ற வரிக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். "எங்க அண்ணங்கிட்ட கூட. புள்ளைங்ககிட்டயும் வாணாம், பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிடும். கண்ணு பட்டுச்சுன்னா வந்து சேராது."

அப்படித்தான் உங்களிடம் கல்யாண ஆர்டர் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் பஸ் ஏறினோம். சின்னவள் அன்றைக்கு பால்கோவா வாங்கிவரச் சொல்லி அழுதாள். அதை மறந்துவிட்டு வந்தோம். அந்த நாள்தான்.

வண்டியைப் பார்த்ததும் நான் இன்ஜினைத் திறந்து பார்த்தேன், அடியில் குனிந்து பார்த்தேன், துணிக் கூரையை மடக்கி விரித்துப் பார்த்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. "மஞ்சளா கீது" என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு வண்டி பிடித்துப்போனது. பையிலிருந்து நூல்கண்டை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

விற்கிறவர் பார்த்துவிட்டு, "என்னம்மா, சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமாங்க, பூச்சட்ட" என்றாள். அவர் சிரித்து, உள்ளே போய் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

உட்கார்ந்து பார் என்று கதவைத் திறந்துவிட்டேன். மாட்டேன் என்றாள். "பூச போடாத வண்டியில உக்காரக் கூடாது. மொதல்ல மாரியாத்தா கோயிலு, அப்பால நானு." நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சீட்டின் மேல் கையை மட்டும் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு எனக்குத் தெரியாமல் சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தாள்.

பணத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு வந்தோம். பேர் மாற்றும் வேலை முடிந்ததும் ஆள் வைத்து அனுப்புகிறேன் என்று அவர் சொன்னார். அந்த இடைவெளியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீங்கள் கூடவே இருந்தீர்கள்.

காரியத்தன்று நம் வாசலில் பந்தல் போட்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பெரியவள் கையில் தண்ணீர்ச் சொம்போடு இலைக்கு இலை ஊற்றிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. புலி உறுமுவது என்று சொல்வார்கள். எனக்கு யாரோ தொண்டையைக் காறுவது போல இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து பார்த்தார்கள். நான் போனை எடுத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. விற்றவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சொன்ன நாளில் அனுப்பிவிட்டார்.

வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் இறங்கி, பந்தலைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக வந்து என் கையைப் பிடித்தார். "இன்னாண்ணே, வண்டி வாங்குனதுக்குப் பந்தலே போட்டுட்டீங்களா? எலுமிச்சம்பழம் ரெடியா?"

அவர் உள்ளே மாலை போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் மாமன் கை கழுவிவிட்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கையைத் தூக்கி வளர்த்தவர்.

"இன்னா மாப்ள, எந்தங்கச்சி குழி மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உனுக்கு மைனர் வண்டி கேக்குதா?"

நான் நின்றேன்.

"பின்னால சீட்டே இல்ல. புள்ளைங்க ரெண்டும் எங்க உக்காரும்? ஒரு சீட்டு உனுக்கு. இன்னொரு சீட்டு யாருக்குன்னு சொல்லிட்டின்னா நாங்களும் தெரிஞ்சிக்கினு போயிடுவோம்."

பந்தலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பெரியவள் சொம்பைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு என்னோடு பேச்சை விட்டவள்தான்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் நடந்ததைக் கேளுங்கள்.

காலையில் பள்ளிக்கூட வேன் போக வழி இல்லை என்று தெருவில் சத்தம் போட்டார்கள். வண்டியை எடுத்தாக வேண்டும். முதன்முதலாக அதில் அப்போதுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது, விழுந்தேன். இத்தனை வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன், தரையில் காலை நீட்டிக்கொண்டு ஓட்டியது கிடையாது. பின்பக்கம் ரோட்டில் தேய்கிறதோ என்று இருந்தது. எதிரே வந்த டவுன் பஸ்ஸின் சக்கரம்தான் தெரிந்தது, பஸ் தெரியவில்லை. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதற்கே முதுகைப் பிடித்துத் தள்ளியது. உள்ளே வேறு யாருடைய வீட்டிலோ அடிக்கும் சென்ட் வாசனை. வலது பக்கம் என் முழங்கை கதவில் இடித்தது. இடது பக்கம் கையை எங்கே வைத்தாலும் அந்தக் காலி சீட்டில் பட்டது.

எங்கே போகிறேன் என்று நினைக்காமலே கச்சிராயபாளையம் ரோட்டில் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறியது. நண்டு போல ஓரமாகக் கோணலாக ஏற்றி இறக்க வேண்டும் என்று நாலாவது தடையில்தான் தெரிந்தது. மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர், "இன்னா தலீவரே, வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சா? கை குடுக்கட்டுமா?" என்று கேட்டார். பைக்கில் வந்தவர்கள் பக்கத்திலேயே வந்து செல்போனில் படம் பிடித்தார்கள். யாரிடமும் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. இதையெல்லாம் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரிக்கிறவள் பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.

அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தேன். இரண்டு வளைவு தாண்டியிருப்பேன், ஒருவர் கை காட்டினார். பலாப்பழ வியாபாரி. மலையில் பழம் பேசி முடிக்கப் போகிறவர், பஸ்ஸை விட்டுவிட்டார். கையில் சாம்பிளுக்கு என்று ஒரு சின்ன பலாப்பழம்.

"ஒரு சீட்டு சும்மாத்தான கீது, வெள்ளிமலை வரிக்கும் வரட்டுமா?"

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் அதற்குள் ஏறி உட்கார்ந்து, பழத்தை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு உட்காருகிறேன் என்ற இடம். பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியது. அவருக்கும் பழத்துக்கும் சேர்த்து நான்தான் போட்டுவிட்டேன்.

"சோக்கா கீதுங்க. மெத்த மாதிரி" என்றார். பிறகு முன்னால் எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, பொட்டு இல்ல, ஒரு முழம் பூ இல்ல? இன்னும் பூச போடலியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"வூட்ல சாவு. எம்பொண்டாட்டி." அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆள், யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது. "அவதாங்க இத ஆசப்பட்டு வாங்குனா. வந்து சேர்றதுக்குள்ள போயிட்டா."

அவர் பழத்தைத் தடவிக்கொண்டே வந்தார். அடுத்த வளைவில், "இங்கியே நிறுத்துங்க, எனுக்கு ஒரு ஆளப் பாக்கணும்" என்றார். அங்கே ஆளும் இல்லை, வீடும் இல்லை. இறங்கி நின்று கதவைப் பட்டும் படாமலும் சாத்தினார். கெட்டவர் இல்லை, மனது கேட்காமல் குனிந்து சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மாவ முழுங்கிட்டு வந்த வண்டிங்க இது. வந்த வெலைக்குத் தள்ளி வுட்டுடுங்க. புள்ளைங்கள ஏத்தாதீங்க."

நான் அங்கேயே வண்டியைத் திருப்பினேன்.

இறங்கி வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் ஆசைப்பட்டு வாங்கியது என்று ஊருக்குச் சொன்னால், ஊர் என்ன சொல்லும்? மாமன் என்ன சொல்வார்? ஆசைப்பட்டாள், கண் பட்டது, வண்டி வாங்கிக்கொண்டது என்பார்கள். செத்துப் போனவள் தலையில் அவள் சாவையே கட்டுவார்கள். நீங்கள் வளர்ந்து எதற்காவது ஆசைப்படும்போதெல்லாம், உங்க அம்மா மாதிரி ஆசைப்படாதே என்பார்கள். அதற்குப் பதில், பொண்டாட்டி செத்ததும் மைனர் ஆகிவிட்டான் என்று என்னையே சொல்லிவிட்டுப் போகட்டும். அது என்னோடு போகும். அப்படி நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். பெரியவள் நம்பமாட்டாள் என்று மட்டும் நினைத்தேன். அவள் முழுசாக நம்பிவிட்டாள்.

வண்டியை வாசல் ஓரம் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினேன். தீட்டு வருடம், பூசை போட முடியாது. விற்கவும் மனது வரவில்லை. பெரியவளே, நீ அந்த வருடம் முழுக்க என்னிடம் பேசியதெல்லாம் சின்னவள் வழியாகத்தான். "அப்பாவ சாப்ட வரச் சொல்லு." "அப்பாகிட்ட பஸ் பாஸ் காலாவதி ஆயிடுச்சுன்னு சொல்லு." நான் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். காலேஜுக்குப் போகும்போது தார்ப்பாயின் மேல் படாமல் சேலையை ஒதுக்குவது போல துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு போவாய். பின்னாலிருந்து பார்த்தால் அம்மாவே நடந்து போவது போல இருக்கும். ஆயுத பூசைக்குத் தெருவில் சைக்கிளுக்கு எல்லாம் பொட்டு வைத்தார்கள். நம் வாசலில் இரண்டு வண்டியும் மொட்டையாக நின்றன. சின்னவள் என்னிடம் வந்து, "மஞ்ச வண்டிக்கும் சாமி கிடையாதா?" என்று கேட்டாள்.

வருடத் திதி முடிந்தது. தொழிலைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், வெள்ளை வண்டிக்குப் பூ வைத்துக் கோயிலுக்குப் போய்வரலாம் என்று நான் பொதுவாகச் சொன்னேன். மறுநாள் காலையில் பெரியவள் பூ வாங்கப் போக ஆணியிலிருந்து நூல் கொத்தை எடுத்தாள். நான் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வர நேரம் ஆனது. பிறகு கையில் ஒரு நூலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளை வண்டியில் வைத்துப் பார்த்தாள், நீளம் கம்மி. சின்னவளைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தார்ப்பாயை இழுத்தார்கள். ஒரு வருடத் தூசு பறந்தது.

"நுனியப் புடி. ஆட்டாத."

"புடிச்சிக்கினுதான் இருக்கறேன்."

மூக்கிலிருந்து கண்ணாடி. ஒரு முடிச்சு சரியாக ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. கதவுக்குக் கதவு. அடுத்த முடிச்சு. குடம் நிரம்பி என் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. பெரியவள் கடைசி முடிச்சைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள். அது யார் போட்ட முடிச்சு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நூல் அங்கே தொங்கியது எனக்கே தெரியாது.

"இது எப்ப எடுத்துச்சு அம்மா?" ஒரு வருடம் கழித்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டது அதுதான்.

"பாண்டிச்சேரியில. ஆர்டர்னு சொல்லிட்டுப் போனமே, அன்னிக்கு."

"இந்த வண்டி அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ பாத்த வண்டிதாம்மா."

"அப்ப அன்னிக்கு மாமா கேட்டப்ப ஏம்பா சும்மா நின்ன?"

நான் பலாப்பழக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது, பொய் சொல்வானேன்.

"ஊருக்குச் சொல்லலன்னா சரி. எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லப்பா" என்றாள். "ஒரு வருசம்ப்பா. அம்மாவும் இல்ல, நீயும் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் குனிந்து குழாயை மூடினேன்.

அவள் அந்த நூலை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பூ வாங்கி வந்தாள். சாமந்தியும் வெள்ளை அரளியும். முடிச்சுக்கு முடிச்சு ஒட்டினாள். மஞ்சள் வண்டியில் மஞ்சள் சாமந்தி தெரியாது என்று வெள்ளையை நடுநடுவே கொடுத்திருந்தாள். அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ தெரியாது. ஒரு முழமும் மீதி இல்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். சின்னவள் பொட்டு வைத்தாள், வைக்கக் கூடாத இடத்திலெல்லாம் வைத்தாள்.

கோயிலுக்குப் புறப்படும்போதுதான் திரும்பவும் அந்தப் பேச்சு வந்து நின்றது. இரண்டு சீட், மூன்று பேர். நான் பெரியவளைப் பார்த்தேன். அவள் தங்கையை உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, கதவைச் சாத்தினாள்.

"நீ மெதுவாப் போப்பா. நான் கூடவே நடந்து வரேன்."

மலையில் பலா மரத்தடியில் அம்மா என்னை நடந்து வரச் சொல்லிச் சிரித்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வருடம் கிடந்ததில் துணிக் கூரை மடங்க மறுத்துவிட்டது. மூடியபடியேதான் போனோம். முதல் கியரில், நடக்கிற வேகத்தில். ஓடப் பிறந்த வண்டி, தெரு முழுக்கத் திணறிக்கொண்டு வந்தது. வாசல்களில் நின்று பார்த்தார்கள். உங்கள் மாமன் வீட்டைத் தாண்டும்போது அவர் வெளியே வந்தார், வண்டியைப் பார்த்தார், பக்கத்தில் நடந்து வருகிறவளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தாழ்ந்த வண்டி. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நடப்பவள் முகம் தெரியாது. சின்னவள் பக்கத்துக் கண்ணாடியில், கதவுப் பூ விழாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கை மட்டும்தான் வழி முழுக்க எனக்குத் தெரிந்தது. கோயில் வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவள் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டிருந்தாள்.